முன்பாரமும் பின்பாரமும்
பிக்கப் வண்டியை மட்டப்படுத்தலும் பெரிய டயர் பூட்டலும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியைத் தமிழர் தேக்கா என்பர். அங்குள்ள சில பெயர்களே அப்பகுதியின் பழைய தொழிலை எடுத்துரைக்கும். எருமைச் சாலை எனப் பொருள்படும் பஃபலோ ரோடு அங்கே உள்ளது. அதே பொருளை மலாய் மொழியில் தரும் கெர்பாவ் ரோடும் அருகிலேயே உள்ளது. கண்டாங் கெர்பாவ் என்பது எருமைத் தொழுவத்தைக் குறிக்கும் தொடர். அதன் முதலெழுத்துகள் ஒரு பெரிய மகப்பேற்று மருத்துவமனையின் பெயரில் இன்றும் நிற்கின்றன. பெலிலியோஸ் சாலை 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் செய்த ஒருவரின் பெயரைத் தாங்குவது. மாடும் வண்டியும் நிறைந்திருந்த இடம் அது.

இன்று மாடும் இல்லை, கட்டைவண்டியும் இல்லை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா கடைகளுக்கு விடியற்காலையில் காய்கறி கொண்டுவருவன சிறு லாரிகளும் பிக்கப் வண்டிகளும் ஆம். ஆயினும் கட்டைவண்டிக்காரன் அறிந்திருந்த ஓர் உண்மை இவ்வண்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். அதனை அறியாமையாலேயே சிலர் பொருளைச் செலவிட்டு வண்டியைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

வண்டிக்காரன் மூட்டைகளை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று இரண்டைப் பார்ப்பான். சுமை அச்சுக்கு முன்னால் மிகுந்துவிட்டால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்துவிட்டாலோ ஏர்க்கால் மேலெழும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னதில் மாடு களைக்கும். பின்னதில் மூச்சுத் திணறும். ஆதலின் சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் வழக்கம். மயிலிறகையும் அச்சையும் வைத்து வள்ளுவர் அளவறிதலை விளக்கிய இடத்தை ஆசிரியர்கள் வலியறிதல் அதிகாரத்தில் நடத்துவார்கள். அது எவ்வளவு ஏற்றலாம் என்பது பற்றியது. எங்கே ஏற்றவேண்டும் என்பது வண்டிக்காரன் தானே கண்ட பாடம்.

வெற்று வண்டி ஏன் முன்தாழ்ந்து நிற்கிறது?

சுமையில்லாத பிக்கப் வண்டி ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதன் முன்புறம் சற்றுத் தாழ்ந்தும் பின்புறம் உயர்ந்தும் இருக்கக் காணலாம். பார்ப்பவர்க்கு அது குறைபோலத் தோன்றும். உண்மையில் அஃது அமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்த இடமாகும். அவ்வண்டியின் பின்புறம் பெரும்பாலும் பட்டை வில்லின்மேல் நிற்கிறது. நம் ஊர்களில் வில்வண்டி என்று சொன்ன வண்டியின் அடியில் இருந்த அதே வகை வில்தான். ஏறக்குறைய ஒரு டன் சுமையைத் தாங்கவேண்டிய வில் ஆதலால், வெறுமையாய் இருக்கும்போது அது விறைத்து உயர்ந்து நிற்கும். சுமை ஏறியதும் பின்புறம் தாழும், வண்டி மட்டமாகும். வெற்று வண்டியில் காணப்படும் முன்தாழ்வு வரப்போகும் சுமைக்காக ஒதுக்கப்பட்ட இடம் என்பது இதனால் விளங்கும்.

இந்த முன்தாழ்வை நீக்குவதற்கென விற்கப்படும் பொருளுக்கு லெவலிங் கிட் என்று பெயர். மட்டப்படுத்தும் தொகுதி என்று கூறலாம். இவ்வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே பிக்கப் வண்டியைக் குடும்ப வண்டியாகவே வைத்திருப்போர் பலர். பின்தட்டில் ஒன்றுமின்றி ஆண்டு முழுவதும் ஓடும் வண்டிக்கு முன்தாழ்வு தேவையற்றதாய்ப் படலாம். அன்றியும், முன்புறம் உயர்ந்தால் சக்கரக் கூட்டுக்குள் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சேற்றிலும் பாறையிலும் ஓட்டுபவர்க்கு அதனால் பயனும் உண்டு. வண்டியின் அடிவயிறு உயரும். குழியில் சக்கரம் புதையாமல் உருளும். மழைக்காலத்துச் செம்மண் பாதையில் பால்மரக்காட்டுக்குள் வண்டி ஓட்டியவர் எவரும் பெரிய சக்கரத்தின் அருமையை மறுக்கமாட்டார்.

ஆனால் சிங்கப்பூரில் செம்மண் பாதை எங்கே? அங்கே பிக்கப் வண்டி சரக்கு வண்டி இனத்தைச் சேர்ந்தது. அதற்குரிய வாகன உரிமைச் சான்றிதழும் 'சி' பிரிவு என்னும் தனிப் பிரிவில் ஏலம் எடுக்கப்படுவது. சரக்குக்கும் வேலைக்கும் பயன்படுவதற்கே அவ்வண்டி வாங்கப்படுகிறது. வேலை செய்யும் வண்டிக்கு விளையாட்டு வண்டியின் கோலத்தைப் பூட்டினால் என்ன நேரும் என்பதே ஈண்டு ஆராயவேண்டியது.

மட்டப்படுத்தும் முறைகள்

முறைகள் மூன்று வகைப்படும். முதலாவது, முன்புறச் சுருள் வில்லின் தலைப்பில் ஓர் இடைவளையம் வைத்து உயர்த்துவது. இதுவே மலிவானது, மிகுதியும் விற்பதும் இதுவே. அதிர்வுதாங்கியின் அடிமுனை சக்கரத்தில் நேரே பொருந்தாமல் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பொருந்தியிருப்பதால், ஓர் அங்குல வளையம் வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்திவிடும். இதனை அறியாமல் இரண்டு அங்குலம் வேண்டுமென்று இரண்டு அங்குல வளையமே வாங்கிப் பூட்டியவர்களும் உண்டு! இரண்டாவது, வில்லையும் அதிர்வுதாங்கியையும் சேர்த்து நீளமானவையாக மாற்றுவது. செலவு மிகும், ஆயினும் வேலை செம்மையாய் அமையும். மூன்றாவது, முறுக்குக் கம்பியின்மேல் நிற்கும் பழைய வண்டிகளுக்கு உரியது. கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணியை முடுக்கினாலே முன்புறம் எழும்.

எந்த முறையாயினும் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் சாய்வு மாறுகிறது. கைகளின் நுனியிலுள்ள குண்டு மூட்டுகள் தமக்கு அமைத்த கோணத்தை விட்டு விலகி உழைக்கின்றன, விரைவில் தேய்கின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் முன் அச்சுத் தண்டின் மூட்டுகளுக்கும் இதே துன்பம். சக்கரம் கீழ்நோக்கி இறங்குவதற்கு இருந்த இடமும் குறைந்துவிடுவதால், மேட்டைக் கடந்து இறங்கும்போது இரும்பும் இரும்பும் தட்டும் ஓசை கேட்கும். சக்கர நேர்ப்படுத்தலைச் செய்யாமல் விட்டால் புதிய டயர் ஒருபக்கமாகவே தேய்ந்துபோகும்.

இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. அது விளக்கு. அதனைப் பலர் எண்ணுவதே இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று கொள்க. முன்புறத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் வண்டி 60க்கு 1 என்னும் அளவில் மேல்நோக்கிச் சாய்கிறது. 25 மீட்டர் தொலைவில் அதன் ஒளி ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். தாழ்த்திய ஒளி 100க்கு 1 என்னும் அளவில் கீழ்நோக்கி இறங்குமாறு வைக்கப்பட்டிருந்தால், அதே தொலைவில் அது 25 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். 25 இறங்கவேண்டியது 42 ஏறினால் என்ன ஆகும்? கீழே தரையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். புக்கிட் தீமா சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் கணநேரம் கண் கூசி வழியறியாமல் போவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. விளக்கின் சாய்வைத் திருத்தாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுப்பது பெருந்தவறாகும்.

திருத்தினாலும் தொல்லை முழுவதும் தீர்வதில்லை. பல பிக்கப் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகுசக்கரம் ஒன்றிருக்கும். சுமை ஏறிப் பின்புறம் தாழும்போது விளக்கைக் கீழிறக்க வைத்தது அது. மட்டப்படுத்திய வண்டி சுமை ஏறியதும் மட்டமாய் இராது. மூக்கை வானத்துக்கு உயர்த்தும். அப்போது அச்சிறு சக்கரம் இறக்கும் அளவு போதாமற் போகலாம்.

சுமையிருக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். இரட்டை இருக்கை வரிசையுள்ள பிக்கப் வண்டிகளில் ஆள் அமரும் அறை நீண்டிருப்பதால் பின்தட்டு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தட்டின் நடுவிடம் பலவற்றில் பின்னச்சுக்கும் அப்பால் விழுகிறது. 800 கிலோ சுமையின் நடு, அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் அமைந்தால் முன்சக்கரங்களின்மேல் இருந்த எடையில் ஏறக்குறைய 53 கிலோ குறைந்துவிடும். வண்டியைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கை ஆற்றுவதும் முன்சக்கரங்களே. இதுதான் வண்டிக்காரன் அஞ்சிய பின்பாரம். ஏர்க்கால் எழுந்து மாட்டின் கழுத்து இறுகுவது கண்ணுக்குத் தெரியும். ஸ்டியரிங் இலகுவாகிப் போவது தெரியாது. சில ஓட்டுநர்கள் அதை நன்மையென்றுகூட நினைத்துவிடுகின்றனர்.

டயரின்மேல் எழுதியிருப்பது

டயரைத் தேர்வதற்கு அதன் பக்கச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியவேண்டும். 265/65ஆர்17 112எஸ் என்று எழுதியிருப்பதாகக் கொள்க. 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்னும் எழுத்து, உள்ளிழைகள் குறுக்காகச் செல்லும் ரேடியல் டயர் என்பதைக் காட்டும். பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946இல் கண்ட அமைப்பு அது. 17 என்பது இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே சொற்றொடரில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்பதைப் பார்த்தால் இலக்கண ஆசிரியர்களுக்கு மணிப்பிரவாளம் நினைவுக்கு வரலாம். 112 என்பது சுமை எண். ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 'எஸ்' என்பது தாங்கக்கூடிய வேகத்தின் குறி.

சரக்கு வண்டிக்கு டயர் வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது சுமை எண்ணையே. அழகிய பள்ளங்களும் வெள்ளை எழுத்தும் கொண்ட பெரிய டயரின் சுமை எண் பழைய டயரினதைவிடத் தாழ்ந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடவேண்டும்.

டயரைப் பற்றிப் பேசும்போது பால்மரத்தைக் கூறாதிருப்பது எப்படி? லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவை அடைந்தது 1877இல். 1888இல் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888இல்தான் ரிட்லி சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தவர் அவர். அம்முறையில் கத்தி பிடித்த கைகளுள் பல தமிழ்க் கைகள். செயற்கை ரப்பர் வந்த பின்னரும் பாரவண்டி டயருக்குப் பால்மரத்து ரப்பர் மிகுதியாக வேண்டியிருக்கிறது. பாரத்தால் உண்டாகும் சூட்டை அது நன்கு தாங்குவதே காரணம்.

பெரிய டயரால் விளையும் கணக்குக்கு வருவோம். 265/65ஆர்17 டயரின் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர். அதே வளையத்தில் 285/70ஆர்17 பூட்டினால் விட்டம் 831 மில்லிமீட்டர். வண்டி உயர்வது 27 மில்லிமீட்டர்தான். ஆனால் சக்கரம் ஒருமுறை சுழலும்போது கடக்கும் தொலைவு நூற்றுக்கு 7 கூடிவிடுகிறது. வேகமானி தொலைவை அளப்பதில்லை, சுழற்சியையே எண்ணுகிறது. ஆகவே அது 60 எனக் காட்டும்போது வண்டி 64இல் ஓடும். 70 எனக் காட்டும்போது 75இல் ஓடும். ஆலையிலிருந்து வரும் வேகமானி உண்மையைவிடச் சற்று மிகுத்துக் காட்டுமாறு வைக்கப்படுவதுண்டு. அந்தப் பாதுகாப்பு எல்லையைத்தான் பெரிய டயர் விழுங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் சரக்கு வண்டிகளின் பின்புறம் வட்டத்துக்குள் 60 அல்லது 70 என்று எழுதியிருக்கும். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு விரைவுச்சாலையில் 70, மேற்பட்டதற்கு 60. வட்டத்தில் உள்ள எண் 70. முள் காட்டுவதும் 70. வண்டி ஓடுவதோ 75. ஓட்டுநர் பொய் சொல்லவில்லை, முள் சொல்கிறது. 3,500 கிலோவுக்கு மேற்பட்டு 12,000 கிலோ வரையுள்ள லாரிகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. அக்கருவியும் சுழற்சியை நம்பியே வேலை செய்வதாயின் பெரிய டயரால் அதுவும் ஏமாறும். வேகம் நூற்றுக்கு 7 கூடினால் மோதலின் ஆற்றல் நூற்றுக்கு 14க்கு மேல் கூடும். இதே டயரால் பிரேக்கின் பிடி தரையில் நூற்றுக்கு 6 முதல் 7 வரை குறையும். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. இரண்டும் கேடான பக்கமே.

தட்டில் அமர்ந்திருப்போர்

இவ்வளவும் காய்கறி மூட்டையைப் பற்றியது மட்டுமாயின் இத்துணை விரிவு வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சரக்கு வண்டியின் தட்டு மனிதரையும் சுமக்கிறது. கட்டுமான இடத்துக்கும் தங்குவிடுதிக்கும் இடையே வெளிநாட்டு ஊழியர்கள் லாரியின் தட்டில் அமர்ந்து செல்கின்றனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியின் பின்புறம் மோதியதில் இருவர் உயிரிழந்தனர். 2023 ஜனவரி 1 முதல் ஊழியர் செல்லும் லாரிகளில் மழைத்திரை வேண்டும் என்றும், ஓட்டுநரின் நிலையைக் கவனிக்க உடன்செல்லும் துணைவர் ஒருவர் வேண்டும் என்றும் விதிகள் வந்தன. பேருந்தே வேண்டும் என்போரின் கோரிக்கையும் தொடர்ந்து எழுந்து வருகிறது. அது வேறு பெரிய செய்தி.

உயர்த்தப்பட்ட வண்டி கவிழும் தன்மையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, எடையின் நடுவிடம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுக்கவேண்டும். விடை பெரிதாயின் வண்டி நிலைக்கும். சிறிதாயின் கவிழ எளிது. பாதி அகலம் 77 சென்டிமீட்டர் என்றும், 1,800 கிலோ எடையுள்ள வெற்று வண்டியின் நடு 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். விடை 1.10. தட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு 65 கிலோ, அவர்கள் உடலின் நடு தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் என்றால், மொத்த நடு 79 சென்டிமீட்டருக்கு உயரும், விடை 0.97. இனி டயராலும் இடைவளையத்தாலும் வண்டி 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் விடை 0.92. வில்கள் சாய்ந்து கொடுப்பதால் உண்மையில் இன்னும் குறையும். வளைவில் அரிசி மூட்டை தன்னிடத்தில் கிடக்கும். மனிதர் அனைவரும் ஒரே பக்கமாய்ச் சரிவர்.

தேர்வது எங்ஙனம்?

வண்டி சுமை சுமப்பதாயின் முன்தாழ்வை விட்டுவைப்பதே நேரான வழி. பழைய வண்டியின் முன்புறம் முன்னிருந்ததைவிட மிகத் தாழ்ந்து போயிருந்தால் அதற்கு மருந்து இடைவளையம் அன்று; தளர்ந்த வில்லை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதிய வில்லைப் பூட்டுவது. பின்வில்லும் தளர்ந்திருக்கலாம்; இரண்டையும் அளந்து பார்த்த பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

தேய்ந்த டயரை மாற்றுகையில் ஓட்டுநர் கதவின் பக்கத்தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அளவையே கேட்டு வாங்குவது நலம். வேறளவு வேண்டியிருந்தால் மொத்த விட்டம் பழையதிலிருந்து நூற்றுக்கு 3க்கு மேல் விலகாதிருக்கவேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுவிதி. சுமை எண் குறையக்கூடாது. சக்கரம் சேற்றுக்காப்புக்கு வெளியே துருத்தலாகாது. முழுதும் திருப்பிய நிலையிலும், சுமை ஏற்றிய நிலையிலும், டயர் எங்கும் உரசாதிருக்கவேண்டும். வெற்று வண்டியில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியென்று சொல்லும் பட்டறைக்காரரை நம்பலாகாது.

எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும், எதற்கு வேண்டியதில்லை, எது கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்து வைத்திருக்கிறது. பட்டறையின் சொல்லைக் கேட்பதற்கு முன் அதனைக் கேட்டறிவது உரிமையாளரின் கடமை. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்குத் தடையாகலாம். பத்தாண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சோதனைக்குப் போகவேண்டும். சோதனைக்கு முதல்நாள் பழைய சக்கரத்தைப் பூட்டி, மறுநாள் மீண்டும் பெரியதைப் பூட்டும் கெட்டிக்காரர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் மட்டும் விலக்கு என்று கொள்வதற்கில்லை.

தேக்கா சந்தையில் சரக்கு இறக்கும் இடத்துக்குச் சென்றால் இதற்கு நேர்மாறான ஒரு வண்டியைக் காணலாம். சப்பானிய சிறு லாரிகளில் ஒருவகை உண்டு. அவற்றின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சிறியனவாய், பக்கத்துக்கு இரண்டிரண்டாய் இருக்கும். பார்ப்பதற்கு அழகில்லை. தட்டு தாழ்ந்திருக்கவேண்டும் என்பதற்காகவே சக்கரத்தைச் சிறிதாக்கி, சுமையைத் தாங்குவதற்காக அதனை இரட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். வெங்காய மூட்டையை முதுகில் வாங்குபவர் நாளொன்றுக்கு எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் செய்த வண்டி அது.